பெரியண்ணா போட்ட மஞ்சள் ஸ்டிக்கர்

வாட்ஸ்அப் குழு: எங்கட வீடு
சனிக்கிழமை

அக்கா, பி.ப. 3.40
எல்லாரும் ஒருக்கால் கேளுங்கள். மகன் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியில் சுவாமி விபுலாநந்தரைப் பற்றிப் பேசப் போகிறான். பழகியதைப் பதிந்து அனுப்புகிறேன். 3 நிமிடம்தான்.

அக்கா
[குரல் பதிவு]

அம்மா
கேட்டேன் மனே. சுவாமி பிறந்த காரைதீவு, அவர் எழுதிய யாழ்நூல் எல்லாம் வந்துவிட்டது. நடுவில் மூச்சு வாங்கிப் பேசு. அவசரம் வேண்டாம். போட்டிக்கு முதல் நாள் கல்லடிக்குப் போய்ச் சுவாமியின் சமாதியில் கும்பிட்டுவிட்டு வா.

சித்தப்பா
1892 என்று பிறந்த ஆண்டைச் சரியாகச் சொல்கிறான். யாழ்நூல் வந்த 1947ஆம் ஆண்டிலேயே சுவாமியும் காலமானார். அதையும் ஒரு வரியில் சேர்த்தால் கேட்பவர்கள் மனதில் நிற்கும்.

பெரியண்ணா
[ஸ்டிக்கர்: மஞ்சள் சதுர உடம்பு, முன்னால் குனிந்து, கைகளை மடக்கி, வாயைக் கோணியபடி]

அக்கா
அண்ணா, இது எதற்கு?

பெரியண்ணா
சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று போட்டேன். நல்லாப் பேசியிருக்கிறான் எங்கட மருமகன். ஏன் பிள்ளை, என்ன விசயம்?

அக்கா
நான் மகன்தான், அம்மாவின் போனில் எழுதுகிறேன். மாமா, நான் பேசியது கோழி கத்துகிற மாதிரியா இருக்கிறது?

பெரியண்ணா
கோழியா? எங்கே கோழி?

அம்மா
யாராவது எனக்கும் விளங்கச் சொல்லுங்கள். பிள்ளையின் குரல் ஏன் வாடிப் போயிருக்கிறது? இப்போது போன் எடுத்துக் கதைத்தேன், ஓம் ஓம் என்று மட்டும் சொல்கிறான்.

தங்கச்சி, பி.ப. 4.05
இப்போதுதான் பார்க்கிறேன். நான் சொல்கிறேன் அம்மா.

அண்ணா போட்டது ஸ்பொஞ்ச்பொப் என்ற கார்ட்டூனில் ஒரு காட்சி. 2017 மே மாதம் ட்விட்டரில் அது மீமாக, அதாவது பகிடிக்காக ஆளுக்கு ஆள் மாற்றிப் போடுகிற படமாகப் பரவியது. ஒருவர் சொன்ன வசனத்தை அப்படியே எடுத்து, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக மாறி மாறி எழுதி, இந்தப் படத்தோடு சேர்த்துப் போடுவார்கள். சொன்னவருக்குப் பழிப்புக் காட்டுவதுதான் நோக்கம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் எங்கட பெடியன்கள் நெடிலை இழுத்து “நாஆஆன் பேசப் போறேஏஏன்” என்று எழுதுகிறார்கள். அண்ணாவுக்கு அது ஆட்டம். அவனுக்கு அது பழிப்பு.

அக்கா
ஓம், வகுப்புக் குழுவில் இதே படத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போதுதான் சொல்கிறான். நான் வகுப்பில் படிப்பிக்கிறேன், இப்படி ஒன்று பிள்ளைகளுக்குள் ஓடுவது எனக்கே தெரியாது.

பெரியண்ணா
இதற்கு இவ்வளவு அர்த்தமா? மருமகன், உன்னைப் பழிக்க மாமாவுக்கு எந்தக் காலத்திலும் மனம் வராது. நீ பேசியதை இரண்டு தரம் கேட்டேன். தங்கச்சி, அந்தக் கார்ட்டூனில் உண்மையில் அவன் என்ன செய்கிறான்?

தங்கச்சி
அதைத்தான் நான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அக்காவின் மகனுக்கு முழுக் கதையும் தெரியும், அவன்தான் எனக்கே முதலில் சொன்னவன். அவனே சொல்லட்டும்.

அக்கா
நான்தான், மகன். ஸ்பொஞ்ச்பொப்பிடம் ஒரு மஞ்சள் டயரி இருக்கிறது. அதில் தன்னுடைய ரகசியங்களை எழுதி வைத்திருக்கிறான். அது அவனோடு வேலை செய்கிற ஸ்குவிட்வர்ட் கையில் கிடைக்கிறது. அவன் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசிக்கிறான். கட்டம் போட்ட துணியைக் கண்டால் ஸ்பொஞ்ச்பொப் தன்னைக் கோழி என்று நினைத்துக்கொள்வான் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கட்டம் போட்ட உடுப்போடு ஒருவர் நிற்கிறார். உடனே அவன் கோழி மாதிரி ஆகிவிடுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அம்மா
ஐயோ பாவம். டயரியை எடுத்து வாசிக்கலாமா?

தங்கச்சி
அதுதான் அம்மா. உலகம் முழுக்க மற்றவர்களைப் பழிக்க எடுக்கிற இந்தப் படத்தில் இருக்கிறவன் யாரையும் பழிக்கவில்லை. அவனைத்தான் ஊரே பார்த்துச் சிரிக்கிறது. ரகசியம் வெளியே வந்த பிள்ளையின் முகம் அது. கதையிலிருந்து அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்தவுடன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. கதை தெரிந்த சின்னப் பிள்ளைக்கு ஒரு படம், கதை தெரியாமல் மீமாக மட்டும் கண்டவர்களுக்கு இன்னொரு படம், இரண்டும் தெரியாத அண்ணாவுக்கு வேறொரு படம். இப்படி எல்லாரும் ஒரே குழுவில் இருக்கும்போது இன்றைக்கு நடந்தது மாதிரி நடக்கும்.

அத்தான் (டோஹா), பி.ப. 4.31
வேலை இடைவேளையில் பார்க்கிறேன். மகன், அப்பா உன் பேச்சைக் கேட்டுவிட்டேன், தொடக்கம் அருமை. “ஈழத்து மண்ணில்” என்று எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்து.

தங்கச்சி, எனக்கு ஒரு கேள்வி. எங்கட ரூமில் நேபாளப் பெடியன், கேரளப் பெடியன், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் இருக்கிறோம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் வாயைப் பிளந்த அந்த மஞ்சள் எலி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் எல்லாருக்கும் உடனே விளங்குகிறது. அது எப்படி?

தங்கச்சி
அது பிக்காச்சு அத்தான். ஜப்பானில் 1997இல் தொடங்கிய பொக்கிமொன் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்றில் வருகிற ஒரு நொடி. அது மீமாகப் பரவியது 2018இல். அந்தக் கார்ட்டூனைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் வளர்ந்து, தங்கள் கையில் போன் வந்த பிறகு, தங்களுக்குத் தெரிந்த முகத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். நடக்கும் என்று முன்பே தெரிந்த ஒன்று நடந்ததும் அதிர்ச்சியடைகிறவனுக்கு அந்த முகம்.

எப்படி எல்லாருக்கும் விளங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கார்ட்டூன் வரைகிறவர்கள் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக வரைகிறார்கள். நாலு வயதுப் பிள்ளை வசனத்தைத் தவறவிட்டாலும் கோபமா பயமா என்று முகத்திலேயே தெரிய வேண்டும். அதனால் புருவத்தை நெற்றிக்கு மேலே தூக்குவார்கள், கண்ணைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்குவார்கள். ஒரு உணர்ச்சியை எடுத்தால் அதை மட்டுமே முழுதாகக் காட்டுவார்கள், பின்னால் வேறு குழப்பம் இருக்காது. டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தோமஸ், ஒலி ஜோன்ஸ்டன் இரண்டு பேரும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அசைவுப்படத்துக்குப் பன்னிரண்டு அடிப்படைகளைச் சொல்கிறார்கள். மிகைப்படுத்திக் காட்டுவது அவற்றில் ஒன்று, பார்த்தவுடன் விளங்கும்படி காட்சியை அமைப்பது இன்னொன்று. மீமுக்கு வேண்டியதும் இவை இரண்டும்தான்.

சித்தப்பா
பிள்ளை சொல்வது மெத்தச் சரி. எங்கட காலத்தில் கார் பேட்டரியில் டிவி போட்டு ரூபவாஹினியில் முயல் கார்ட்டூன் பார்த்தோம். ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று பக்ஸ் பன்னியை டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் ஆக்கிய தொடர். எனக்கு அப்போது சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அந்த முயல் யாரை ஏமாற்றப் போகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அண்மையில் அதே முயலின் முகத்தை யாரோ “இல்லை” என்று எழுதி அனுப்பினார்கள். என்னை அறியாமல் அந்த நாள் நினைவு வந்துவிட்டது.

அத்தான்
டொம் அன்ட் ஜெரியும் அப்படித்தான். பெரும்பாலும் பேச்சே இல்லை.

தங்கச்சி
ஓம், 1940இல் தொடங்கியது. ஹனாவும் பார்பெராவும் செய்த அந்தக் குறும்படங்களுக்கு ஏழு ஒஸ்கார் கிடைத்திருக்கிறது. டொம் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிற படம் இன்றைக்கும் எத்தனை குழுக்களில் ஓடுகிறது பாருங்கள்.

அக்கா
எங்களுக்கு டோரா புஜ்ஜி. சுட்டி டிவியில் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் “குள்ளநரி திருடக் கூடாது” மனப்பாடம். இப்போது அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள், யாராவது ரூமில் மற்றவரின் பிஸ்கட்டை எடுத்தால் அந்த வசனத்தைப் போடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கும். யாருக்கும் நோகாது.

தங்கச்சி
அக்கா, அந்த இடத்தில் தமிழில் குரல் கொடுத்தவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டோராவின் படம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். எங்களுக்கு நினைவில் நிற்பது அந்தக் குரல். ஸ்பொஞ்ச்பொப்பிலும் இப்படி ஒன்று உண்டு. “சிறிது நேரம் கழித்து” என்று ஒரு அட்டையில் எழுதி, பிரெஞ்சுக்காரர் மாதிரி ஒரு குரல் வாசிக்கும். தமிழ் யூடியூப் வீடியோக்களில்கூட இப்போது அது வெட்டி ஒட்டப்படுகிறது. அந்தக் குரல் ஜாக் கூஸ்டோ என்ற கடலாய்வாளரை நினைத்துச் செய்தது. ஸ்பொஞ்ச்பொப்பை உருவாக்கிய ஸ்டீவன் ஹில்லன்பர்க் கலிஃபோர்னியாவில் கடல் உயிரியல் படிப்பித்த ஆசிரியர். கடலோர உயிர்களைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கத் தானே வரைந்த சித்திரப் புத்தகத்தில்தான் ஸ்பொஞ்ச்பொப் ஆன அந்தக் கடற்பஞ்சு முதலில் பிறந்தது. 1999இல் டிவிக்கு வந்தது. கூஸ்டோவின் கடல் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த அட்டை அவருடைய நன்றி. அவர் 2018 நவம்பரில் நரம்பு நோயால் இறந்துபோனார்.

அம்மா
ஆசிரியரா? பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வரைந்தவரா? நல்ல மனிசன்.

பெரியண்ணா
அப்படியென்றால் இந்த ஸ்டிக்கர்களை எல்லாம் யார் விற்கிறார்கள்? அவர்களுக்குக் காசு போகிறதா?

தங்கச்சி
வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்தது 2018இல். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிச் சுற்றில் விடலாம் என்று ஆகிவிட்டது. வரைந்தவருக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை. கம்பெனி மட்டும் விழித்துக்கொண்டது. மீமாகப் புகழ்பெற்ற முகங்களையே பொம்மையாகச் செய்து 2019இல் விற்றார்கள், இந்தக் கோழிக் காட்சியும் அதில் ஒன்று. ஆனால் அந்த ஒரு நொடியை வரைந்த கைகள் யாருடையவை என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பொஞ்ச்பொப்பின் அசைவு வேலை பெரும்பாலும் தென் கொரியாவில் ஒரு ஸ்டூடியோவில் நடக்கிறது. அங்கே மேசையில் குனிந்திருந்து அந்த வளைந்த முதுகை வரைந்த ஒருவர் இருப்பார். நாங்கள் இங்கே கல்லடியில், சுவாமியின் பெயரில் இருக்கிற அழகியல் கற்கைகள் நிறுவகத்தில், ஒரு கை அசைவுக்குப் பத்துத் தாள் வரைந்து பழகுகிறோம். அதனால் எனக்கு இது பெரிய விசயமாகத் தெரிகிறது. பெயர் தெரியாத அந்த ஆளின் திறமைதான் டோஹாவில் அத்தானின் ரூம் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

அக்கா
தங்கச்சி, திங்கட்கிழமை இதை என் வகுப்பில் செய்து பார்க்கப் போகிறேன். ஒரு மீம் படத்தைக் காட்டி, இது எந்தக் கதையில் வருகிறது, அந்த இடத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை, அவர்களே சொல்வார்கள். ஆர்தர் என்று ஒரு கார்ட்டூன், அதில் கோபத்தில் பொத்திய கை ஒன்று வருமே, அதுவும் எடுக்கலாமா?

தங்கச்சி
கட்டாயம் எடுங்கள். ஆர்தர் பாடுபட்டுச் செய்த விமானத்தைத் தங்கச்சி ஜன்னலால் எறிந்துவிடுகிறாள். அவன் கோபத்தில் தன் கையை இறுகப் பொத்துகிறான். 1999இல் ஒளிபரப்பானது, 2016இல் மீம் ஆனது. அந்தக் கதையில் அவன் கோபத்தில் தங்கச்சியை அடித்துவிடுவான், பிறகு அதன் பலனை அனுபவிப்பான். மீமில் வெறும் கை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. வகுப்பில் பேச நிறைய இருக்கிறது.

அம்மா
அப்படியென்றால் எங்கட பிள்ளைக்கு வகுப்பில் அனுப்பினவர்களுக்கும் இந்த டயரிக் கதை தெரியாதா?

அக்கா
தெரியாதாம் அம்மா. படத்தைத்தான் தெரியுமாம். அவனே அவர்களுக்குச் சொல்லப் போகிறானாம்.

பெரியண்ணா, பி.ப. 5.50
[இந்தச் செய்தி அழிக்கப்பட்டது]

அக்கா
மாமா, நான்தான். ஏன் அழித்தீர்கள்? எனக்கு அந்தக் கதை பிடிக்கும். கடைசியில் ஸ்குவிட்வர்ட் வாசித்தது அவனுடையது இல்லை, மற்றவருடைய டயரி என்று தெரிந்ததும் ஊரே ஸ்குவிட்வர்டைத்தான் ஏசுகிறது. அது உங்களுக்குத் தெரியாது.

பெரியண்ணா
அப்படியா? எவ்வளவு நேரம் ஓடும்?

அக்கா
பதினொரு நிமிடம் மாதிரித்தான்.

பெரியண்ணா
சரி, நாளைக்குச் செங்கலடிக்கு வா. இரண்டு பேருமாகப் பார்ப்போம். பார்த்த பிறகு உன் பேச்சை எனக்கு முன்னால் எழும்பி நின்று ஒருக்கால் பேசிக் காட்டு. 1947ஐயும் சேர்த்து.

சித்தப்பா
நானும் வருகிறேன். அந்த முயல் கார்ட்டூன் எங்காவது கிடைத்தால் அதையும் எடுத்து வை தங்கச்சி.

தங்கச்சி
தேடிப் பார்க்கிறேன் சித்தப்பா.