20 சதவீதம் போதுமாம்! அப்போ கவுன்சிலர் (ஆலோசகர்) சம்பளம் நிர்வாகச் செலவா?

வைகைக்காரி:
பக்கத்து இழையில செங்குன்றம் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆற மாட்டேங்குது. அவர் சொல்றது இதுதான்: எல்.ஜி.பி.டி. (தன்பாலீர்ப்பாளர், திருநர்) உரிமைக்குன்னு 2021, 2022 ரெண்டு வருஷத்துல உலகம் பூரா 905 மில்லியன் டாலர் வந்திருக்கு, இந்தியாவுக்கும் கொட்டுது, எஃப்.சி.ஆர்.ஏ.ங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் வரம்பு வச்சதால ஒழுங்கா நடத்துறவங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல.

அந்த 905, அரசுகள் கொடுத்ததையும் அறக்கட்டளைகள் கொடுத்ததையும் சேர்த்து குளோபல் பிலாந்த்ரபி புராஜெக்ட்ங்கிற நன்கொடையாளர் கூட்டமைப்பு தொகுத்த கணக்கு. அமெரிக்காக்காரர் அமெரிக்க அமைப்புக்கே கொடுக்கிற பணமும் அதுக்குள்ள இருக்கு. அதை மதுரை வரைக்கும் இழுத்துட்டு வராதீங்க.

இப்ப 20 சதவீதத்துக்கு வருவோம். ஒரு அமைப்புக்கு வருஷம் 50 லட்சம் வருதுன்னு வச்சுக்குங்க. வரம்பு 10 லட்சம். ஆபீஸ் வாடகை மாசம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். கணக்கர் 20,000, அது 2.40 லட்சம். தணிக்கை, சட்டக் கட்டணம் 1 லட்சம். கரண்டு, போன், இன்டர்நெட் மாசம் 6,000, அது 72,000. இயக்குநர் 40,000, அது 4.80 லட்சம். கூட்டுங்க, 11.92 லட்சம். ராத்திரி 2 மணிக்கு வீட்டை விட்டுத் துரத்தின பிள்ளையோட போனை எடுக்கிற கவுன்சிலர் இந்தக் கணக்குலயே இல்ல. ரெண்டு கவுன்சிலருக்கு 6 லட்சத்தையும் நிர்வாகத்துல சேர்த்தா 17.92. இதுல நட்டம் யாருக்குன்னு சொல்லுங்க.

செங்குன்றம்:
ஆபீஸ் வாடகையைக் குறைங்க, சரியாயிடும். 2022 ஏப்ரல்லயே, எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தத்தை எதிர்த்த நோயல் ஹார்ப்பர் வழக்குல உச்ச நீதிமன்றம் இந்த 20 சதவீதத்தை உறுதி பண்ணியாச்சு. ஓரினச்சேர்க்கைக்காரங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா கேக்குறீங்க?

தணிக்கைப் பேனா:
ரெண்டு பேரும் அரைகுறை. செங்குன்றம் சார், அந்த வழக்குல பேசப்பட்டது 7, 12, 12ஏ, 17ஆம் பிரிவுகள். 20 சதவீதம் இருக்கிறது 8ஆம் பிரிவு. தீர்ப்பைப் படிக்காம தீர்ப்பை வீசாதீங்க.

வைகைக்காரி அம்மா, நீங்க கவுன்சிலர் சம்பளத்தை எதுக்கு நிர்வாகத்துல சேர்க்கிறீங்க? எஃப்.சி.ஆர்.ஏ. விதிகள்ல விதி 5ஐப் படிங்க. நிர்வாகக் குழு உறுப்பினர் ஊதியம், நிர்வாகப் பணியாளர் சம்பளம், ஆபீஸ் வாடகை, வண்டிச் செலவு, அறிக்கை எழுதுற செலவு, சட்டக் கட்டணம் இதெல்லாம் நிர்வாகச் செலவு. அமைப்போட நோக்கத்தை நேரடியா நிறைவேத்துற செலவு வராது. உதாரணமே கொடுத்திருக்கு: மருத்துவமனை டாக்டர் சம்பளம், பள்ளி ஆசிரியர் சம்பளம், முதலியன. தகுதியுள்ள கவுன்சிலர் அந்த 'முதலியன'வுக்குள்ள வந்துடுவார்.

வைகைக்காரி:
'தகுதியுள்ள'ங்கிற சொல் விதி 5ல எங்க இருக்கு? காட்டுங்க. நீங்களா நுழைச்ச சொல் அது. திருநங்கைகள் மத்தியில வேலை பாக்கிறது பியர் கவுன்சிலர், அதாவது அவங்கள்லயே ஒருத்தர். பள்ளிக்கூடத்தை விட்டே துரத்தப்பட்டவங்ககிட்ட எம்.எஸ்.டபிள்யூ.ன்னு சமூகப்பணிப் பட்டம் கேப்பீங்களா?

செங்குன்றத்துக்கு ஒண்ணு: 'ஓரினச்சேர்க்கை'ங்கிற சொல்லை மாத்துங்க. தமிழ்நாடு அரசு 2022லயே அரசிதழ்ல சொற்பட்டியல் போட்டாச்சு. அது தன்பாலீர்ப்பு.

செங்குன்றம்:
சொல்லைப் பிடிச்சுத் தொங்குறது யாருன்னு ஊரே பாக்குது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கிற சொல்லை அரசிதழ் மாத்திடுமா?

தணிக்கைப் பேனா:
சொல் சண்டையை வெளிய வச்சுக்குங்க. பட்டம் வேணும்னு நான் சொல்லல, தணிக்கையர் கேப்பார்னுதான் சொல்றேன். டாக்டர், ஆசிரியர்னு பட்டியல் போட்டு 'முதலியன'ன்னு முடிச்சா, அதே வகையைச் சேர்ந்தவங்கன்னுதான் பொருள். சட்டத்துல இது பாலபாடம். பியர் கவுன்சிலரையும் அதுக்குள்ள கொண்டு வரலாம், ஆனா காகிதம் வேணும்.

நியமனக் கடிதத்துல 'ஒருங்கிணைப்பாளர்', 'மேலாளர்'னு போட்டீங்கன்னா செத்தீங்க, அது மேலாண்மைப் பணியாளர் ஆயிடும். 'நெருக்கடி ஆலோசகர்'னு போடணும். வேலை விவரத்துல வாரத்துக்கு எத்தனை பேரைப் பாக்கணும், எத்தனை மணிநேரம் போன் எடுக்கணும்னு எழுதணும். நன்கொடையாளர் ஒப்பந்தத்தோட பட்ஜெட்ல அந்தச் சம்பளம் திட்டச் செலவு வரியில இருக்கணும். மாசா மாசம் நேரப்பதிவுத் தாள். இந்த நாலும் ஒண்ணோடொண்ணு பொருந்தினா ஒருத்தரும் கை வைக்க முடியாது. பொருந்தலன்னா எஃப்.சி. 4 ஆண்டுக் கணக்குப் படிவம் போடுற டிசம்பர்ல வந்து அழுவீங்க.

மூணாம் மாடி:
ஒரு சந்தேகம். அந்த விலக்கு 'நலன் சார்ந்த அமைப்பு'க்குன்னு விதியில இருக்கு. உரிமைக்காக வழக்குப் போடுற அமைப்பு நல அமைப்பா? அதை முதல்ல தீர்மானிக்காம 'முதலியன'வைப் பத்திப் பேசி என்ன பயன்?

இன்னொண்ணு, அடைக்கலமும் ஆபீசும் ஒரே வீட்டுல இருந்தா வாடகையை எப்படிப் பிரிக்கிறது?

தணிக்கைப் பேனா:
வாடகையைப் பரப்பளவுல பிரிக்கணும். 1,200 சதுர அடி வீட்டுல 900 தங்குமிடம், 300 ஆபீஸ்னா 75 சதவீதம் திட்டம், 25 சதவீதம் நிர்வாகம். வரைபடம் ஒண்ணு போட்டு, நிர்வாகக் குழுத் தீர்மானத்துல ஏத்தி, வருஷா வருஷம் அதே விகிதத்தை வைங்க. தணிக்கைக்கு முந்தின வாரம் விகிதத்தை மாத்தினா மாட்டிக்குவீங்க. வாடகை ஒப்பந்தத்துல 'அலுவலகப் பயன்பாட்டுக்கு'ன்னு மட்டும் இருந்தா மொத்தமும் நிர்வாகம்தான், அப்புறம் என்ன வரைபடம் போட்டாலும் எடுபடாது.

அதே மாதிரிதான் கவுன்சிலரும். டாக்டர், ஆசிரியர், முதலியன.

வைகைக்காரி:
காகிதம் காகிதம்னு சொல்றீங்களே, அடைக்கலத்துக்கு வர்றவங்க வீட்டுக்குத் தெரியாம வர்றவங்க. பஸ் காசு 300 ரூபா கொடுத்தா ரசீதுல பேர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லணுமா? யு.பி.ஐ.ல அனுப்பினா அப்பாவோட போன்ல பேர் வந்து நிக்கும். உங்க தணிக்கைக்கு உயிர் பலி கொடுக்கணுமா?

தணிக்கைப் பேனா:
பேரே வேண்டாம். ரசீதுல குறியீட்டு எண் போதும். எண்ணுக்கு எதிரே பேர் இருக்கிற பதிவேடு ஒண்ணே ஒண்ணு, பூட்டின அலமாரியில, ரெண்டு பேர் பொறுப்புல இருக்கணும். தணிக்கையர் அங்கேயே உக்காந்து சில எண்களை மட்டும் ஒத்துப் பாக்கலாம், நகல் எடுக்கக் கூடாது. இதைத் தணிக்கை தொடங்கும்போதே எழுத்துல ஒத்துக்க வைக்கணும். இது தெரியாதவங்கதான் 'உயிர் பலி'ன்னு கூவுவாங்க.

கடலோரம்:
தோழர்களே, விதி 5ஐ விட்டு வெளிய வாங்க. 2013லேர்ந்து 2017 வரை எல்.ஜி.பி.டி.ஐ. இயக்கங்களுக்கு உலகம் பூரா வந்தது 1.2 பில்லியன் டாலர். அதே காலத்துல எதிர்த்தரப்புக்கு 3.7 பில்லியன். மூணு மடங்கு! உகாண்டாவுல 2023 சட்டப்படி 'ஊக்குவிப்பு'ன்னு சொல்லி 20 வருஷம் உள்ள தள்ளலாம், பண உதவி பண்றதும் அதுல வரும். ஹைதராபாத்ல 2021ல திறந்த மித்ர் திருநர் கிளினிக்கை, அமெரிக்கா உதவியை நிறுத்தினதும் 2025ல மூடினாங்க. இதையெல்லாம் விட்டுட்டு ஒரு 'முதலியன'வுக்கு இத்தனை பக்கமா?

செங்குன்றம்:
அந்த 3.7 பில்லியன் சில அமெரிக்க அமைப்புகளோட மொத்த வருமானம். எல்லாத்தையும் எல்.ஜி.பி.டி.க்கு எதிரா செலவு பண்ணாங்களா? ஒரு பக்கம் மொத்த வருமானம், இன்னொரு பக்கம் குறிப்பிட்ட காரியத்துக்கு வந்த மானியம். ஒப்பிடத் தெரியாம ஒப்பிடுறீங்க. மித்ர் கிளினிக் அமெரிக்க அரசுப் பணம், தர்மப் பணம் இல்ல. அதையும் இங்க கொண்டு வந்து சேர்க்காதீங்க.

கடலோரம்:
905 மில்லியன்ல அரசுப் பணம் இருந்தப்ப உங்களுக்கு இனிச்சது. இப்ப கசக்குதா?

தணிக்கைப் பேனா:
செங்குன்றம் இந்த ஒரு இடத்துல சரி. கடலோரம் தோழர், நாலு நாட்டுப் பேரைச் சொல்றதால எஃப்.சி. 4 நிரம்பாது. 'முதலியன'வுக்கு ஏன் இத்தனை பக்கம்னு கேக்குறீங்க. அந்த ஒரு சொல்லுலதான் வைகைக்காரி கணக்கோட 6 லட்சம் இருக்கு.

வைகைக்காரி:
சரி, கவுன்சிலரை வெளிய எடுத்தாச்சு. மிச்சம் 11.92 லட்சம். வரம்பு 10. இன்னும் 1.92 லட்சம் இடிக்குதே, அதுக்கு என்ன பதில்? நீங்க அதைத் தொடவே இல்ல.

சட்டக் கட்டணம் நிர்வாகச் செலவுன்னு நீங்களே சொன்னீங்க. ஆட்கொணர்வு மனுப் போட்டு வீட்டுல அடைச்சு வச்ச பொண்ணை மீட்கிற அமைப்புக்கு வக்கீல்தான் டாக்டர், வக்கீல்தான் ஆசிரியர். அந்த ஃபீஸ் எந்தப் பக்கம்?

தணிக்கைப் பேனா:
அமைப்புக்காக வாதாடுற வக்கீல் நிர்வாகம். பயனாளிக்காக வாதாடுற வக்கீல் திட்டம். வக்காலத்து பயனாளி பேர்ல இருக்கணும், பில்லுல வழக்கு எண் இருக்கணும்.

1.92 லட்சத்துக்கு வழி இருக்கு. இயக்குநர் நேரத்துல பாதி நேரடிப் பயிற்சின்னா, நேரப்பதிவு வச்சு 2.40 லட்சத்தைத் திட்டத்துக்கு மாத்துங்க. மீறித்தான் ஆகணும்னா 8ஆம் பிரிவுலயே மத்திய அரசோட முன் அனுமதிக்கு இடம் இருக்கு. 2024 டிசம்பர் 31 அறிவிக்கைப்படி, ஒரு வருஷம் பயன்படுத்தாம விட்ட நிர்வாகப் பங்கை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம்.

மூணாம் மாடி:
இயக்குநர் நிர்வாகக் குழு உறுப்பினராவும் இருந்தா? விதியில முதல் வரியே அவங்க ஊதியம்தானே. நேரப்பதிவு காப்பாத்துமா?

தணிக்கைப் பேனா:
அப்படி இருந்தா கஷ்டம்தான். குழுவுலேர்ந்து விலகச் சொல்லுங்க. விலகினா பொறுப்பாளர் மாற்றத்துக்கு எஃப்.சி. 6இ படிவம், 45 நாளுக்குள்ள.

வைகைக்காரி:
திருநங்கைகள் தொடங்கின அமைப்புலேர்ந்து திருநங்கையை விலகச் சொல்றீங்க. எழுதி வச்சுக்குங்க எல்லாரும். மிச்சம் இருக்கிற பொறுப்பாளருக்கு ஆதார்ல ஒரு பேர், பான்ல பழைய பேர். ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் இணையத்துல படிவம் நகராது. உங்களுக்கு அது 45 நாள், அவங்களுக்கு அது மருத்துவச் சான்று, ஆட்சியர் அலுவலகம், ஆதார் மையம்.

செங்குன்றம்:
இவ்வளவு கஷ்டம்னா சி.எஸ்.ஆர்.னு கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்குக் கொடுக்கிற பணம் வாங்குங்களேன். அதுல வரம்பு 5 சதவீதம், நம்ம கம்பெனிகள் ஒழுங்கா இருக்கு.

தணிக்கைப் பேனா:
அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துற செலவுக்கு, தொண்டு அமைப்புக்கு இல்ல. இதைக்கூடத் தெரியாம வாதாட வந்துட்டீங்க. சி.எஸ்.ஆர். 1 படிவம், வருமான வரிச் சட்டத்தோட 12ஏ, 80ஜி பதிவு, 3 வருஷ அனுபவம் எல்லாம் கேப்பாங்க. தையல் மிஷின் கேளுங்க, கொடுப்பாங்க. ஆட்கொணர்வு மனுவுக்குக் கேட்டுப் பாருங்க.

கடலோரம்:
அப்ப சின்னக் குழுக்கள் எங்க போகும்? முன்னாடி பதிவுள்ள பெரிய அமைப்பு பணத்தை வாங்கி நாலு குழுவுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். 2020 செப்டம்பர் திருத்தத்தோட அதுவும் போச்சு. சொந்த எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு 3 வருஷ வயசு, அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு காட்டணும். ஊருக்கு ஊர் 10 திருநங்கைகள் நடத்துற குழு 15 லட்சத்துக்கு எங்க போகும்? வெளிநாட்டு அறக்கட்டளைகள் 'நிபந்தனையில்லா அடிப்படை நிதி'ன்னு பெருமையாக் கொடுக்கிறதை இந்தக் குழுக்கள் வாங்கி வச்சுக்கவே வழியில்ல. நோயல் ஹார்ப்பர்ல தோத்தது, பிரிச்சுக் கொடுக்கத் தடை போட்ட இந்த 7ஆம் பிரிவை எதிர்த்த வாதம்தான், பேனா அவர்களே. இதைப் பேசுங்க.

தணிக்கைப் பேனா:
7ஆம் பிரிவுக்குத் தனி இழை தொடங்குங்க. இந்த இழையோட கேள்வி கவுன்சிலர் சம்பளம். அதுக்குப் பதில் சொல்லியாச்சு: டாக்டர், ஆசிரியர், முதலியன.

மூணாம் மாடி:
'நலன் சார்ந்த அமைப்பு'ன்னா என்னன்னு நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

வைகைக்காரி:
பதில் சொல்லியாச்சாம்! 'தகுதியுள்ள'ங்கிற சொல் விதி 5ல எந்த வரியில இருக்குன்னு இன்னும் நீங்க காட்டல. காட்டுங்க, அப்புறம் 'முதலியன'வுக்கு வரேன்.

தணிக்கைப் பேனா:
நான் 'தணிக்கையர் கேப்பார்'னுதான் எழுதினேன். மேல போய்ப் படிங்க.

வைகைக்காரி:
மேல போய்ப் படிச்சேன். முதல் பதிவுல 'தகுதியுள்ள கவுன்சிலர்'னு நீங்க எழுதினது அப்படியே இருக்கு. அழிச்சிடாதீங்க, படம் பிடிச்சு வச்சிருக்கேன்.