ஓசை ஜோடி டப்பா: குலுக்கினால் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே?

மழலைவகுப்பு:
3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். ஒரே அளவு பிளாஸ்டிக் டப்பா 12 எடுத்து, இரண்டிரண்டாக அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பயறு, உளுந்து, கடுகு, ரவை போட்டிருக்கிறேன். குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்க்க வேண்டும். ரவையைத் தவிர எதுவும் சேரவில்லை. முக்கால் டப்பா நிரப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

கிலுகிலுப்பை:
முக்கால்தான் முதல் தப்பு. தானியமணி ஓடிப்போய் டப்பாவின் சுவரில் மோத இடம் வேண்டும். கால் டப்பா தாண்டக் கூடாது, 100 மி.லி. டப்பாவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி.

அடுத்தது சரக்கு. அரிசி, பாசிப்பயறு, உளுந்து, துவரை நாலும் கிட்டத்தட்ட ஒரே பருமன், பெரியவர்களுக்கே குழம்பும். 3 ஜோடியில் தொடங்குங்கள்: ரவை, அரிசி, புளியங்கொட்டை. அது கைவந்த பிறகு கொண்டைக்கடலை. புளியங்கொட்டையை எண்ணிப் போடுங்கள். ஒன்றில் 5, மற்றதில் 8 இருந்தால் அது ஜோடியே இல்லை.

டப்பா கண்ணாடி மாதிரி தெரிந்தால் காது வேலை செய்யாது, கண்தான் செய்யும். மெல்லிய தாள் ஒட்டுங்கள். துணி சுற்றினால் ஓசை அமுங்கிவிடும்.

அஞ்சறைப்பெட்டி:
ரவையையும் அரிசியையும் வெறும் சட்டியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ரவை சுவரில் அப்பிக்கொள்ளும், சத்தமே வராது. வறுக்காவிட்டால் வண்டு வைக்கும்.

மூடியைச் சுற்றி எம்-சீல் (பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் பசை) வையுங்கள். வெறும் டேப் போதாது, நகத்தாலேயே பிரித்துவிடுவார்கள். கொண்டைக்கடலை மூக்கில் போனால் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. குன்றிமணி, ஆமணக்கு கூடவே கூடாது. இரண்டும் கொடிய நஞ்சு.

மழலைவகுப்பு:
நன்றி. பிளாஸ்டிக்குக்குப் பதில் எவர்சில்வர் டப்பா?

கிலுகிலுப்பை:
ஜோடி சேர்க்கும் விளையாட்டுக்கு எவர்சில்வர் வேண்டாம். தகடு தானே அதிர்ந்து உள்ளே இருப்பதன் ஓசையை மூடிவிடும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து குலுக்கினால் உங்கள் காதும் போச்சு!

ஆனால் வேறு விளையாட்டுக்கு நல்லது. அதே 5 புளியங்கொட்டையை எவர்சில்வர் டப்பா, தீப்பெட்டி, இரண்டாகச் சேர்த்து ஒட்டிய கொட்டாங்குச்சி மூன்றிலும் போடுங்கள். “எது சத்தம்?” என்று கேட்காமல், “டப்பா என்ன சொல்லுது?” என்று கேளுங்கள். கணகண, சரசர, கடகட என்று பெயர் அவர்களே வைப்பார்கள். வைத்த பெயரை டப்பா மேலேயே எழுதிவிடுங்கள்.