பட்டியிலேயே கொழுத்த குட்டிதான் ஏன் முதலில் சாகிறது?

மேச்சேரிக்காரன்:
ஆட்டுக்கு வரும் துள்ளுமாரி நோய் பற்றி ஒரு கேள்வி. மாலையில் பட்டியில் அடைக்கும்போது தாயை முட்டி முட்டிப் பால் குடித்த செம்மறிக் குட்டி, விடியும்போது கழுத்து பின்னால் வளைந்து காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது. கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் விரல் பட்டதும் குழைந்தது. “இந்தக் கிருமி நல்ல ஆட்டின் குடலிலும் இருக்கும்” என்றார். அப்படியானால் நோஞ்சான் குட்டிகளை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் பிடித்தது? சும்மா கிடந்த கிருமி எதைக் கண்டு நஞ்சைக் கக்குகிறது? தீனி எல்லாம் வழக்கம்போலத்தான். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக்கிழங்கைப் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியும் மக்காச்சோளமும் சேர்த்து வைக்கிறோம்.

காடையாம்பட்டி:
கண்ணேறுதான் அண்ணா. எங்கள் பக்கம் வேப்பிலை கட்டிப் பட்டியை இடம் மாற்றுவோம். நோய் நின்றுவிடும்.

அடிவாரத்து ஆசிரியை:
பட்டியை மாற்றும் அன்று தீனி குறைகிறது. பெருமை வேப்பிலைக்குப் போய்விடுகிறது!

மேச்சேரி அண்ணா, உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. சேலத்தில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ஏற்காடு அடிவாரத்தில் அப்பா வெள்ளாடு வைத்திருந்ததால் இந்த நோய் எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிமுகம்.

கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், டி வகை. அளவோடு தின்கிற ஆட்டில் இதற்குச் சாப்பாடு கிடைப்பதில்லை, குடலின் அசைவும் இதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. திப்பியும் மக்காச்சோளமும் அளவு மீறினால் மாவுச்சத்து செரிக்காமல் சிறுகுடல்வரை வழிகிறது. அங்கே கிருமி மளமளவென்று பெருகுகிறது. நோஞ்சான் குட்டிக்கு அந்த அளவு தீனி எங்கே கிடைக்கிறது? முட்டித் தள்ளிவிட்டுத் தின்பது கொழுத்ததுதானே.

கூட்டம் சேர்ந்ததைக் கிருமி அறிவது எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு புரதத் துணுக்கை வெளியே விடுகிறது; அது சுற்றிலும் செறிந்தால் நஞ்சு உற்பத்தி முடுக்கப்படுகிறது. டி வகையின் ஒரு ரகத்தில் இந்தச் சமிக்ஞைக்கான மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். இந்த நோயைத் தரும் எப்சிலான் என்ற நஞ்சு வெகுவாகக் குறைந்தது. அந்த நஞ்சுக்கான மரபணு கிருமியின் பிளாஸ்மிடில், அதாவது தனி வளையமாக உள்ள டி.என்.ஏ.வில் இருக்கிறது. அது இல்லாத கிருமி இந்த நோயைத் தராது.

எனக்கு வியப்பு இதற்கு மேல்தான். வெளியே வரும் நஞ்சு உறையிலிட்ட கத்தி. அந்த நிலையில் வீரியம் மிகக் குறைவு. உறையை உருவுவது ஆட்டின் சொந்தச் செரிமான நொதியான டிரிப்சின். அது நஞ்சுப் புரதத்தின் இரு முனைகளையும் நறுக்கிவிட, வீரியம் சுமார் ஆயிரம் மடங்கு ஏறுகிறது. பிறகு ஏழு மூலக்கூறுகள் வளையமாகக் கூடி செல்லின் சவ்வில் துளை போடுகின்றன. குடல் கசிகிறது, நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கழுத்து வளைந்தது அதனால்தான்.

இதே கிருமியின் சி வகையில் கதை தலைகீழ். அதன் பீட்டா நஞ்சை டிரிப்சின் அழித்துவிடும். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில், டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கையே நம்பி வாழ்ந்தவர்கள் விருந்தில் பன்றிக்கறி தின்றபோது, இந்த நஞ்சால் குடல் அழுகி இறந்திருக்கிறார்கள்.

மேச்சேரிக்காரன்:
நன்றி அம்மா. தடுப்பூசி போட்டால் குடலில் உள்ள கிருமி செத்துவிடுமா? சினை ஆட்டுக்கும் போடலாமா?

அடிவாரத்து ஆசிரியை:
சாகாது. ஃபார்மலினால் வீரியம் அழிக்கப்பட்ட நஞ்சுதான் ஊசியின் சாரம். அதைக் கொண்டு உடல் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நஞ்சு வேலையைத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, மழைக்கு முன்பே போடுங்கள். சினை ஆட்டுக்கு ஈனுவதற்குச் சில வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். எந்த நாளில் போடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். திப்பியைப் படிப்படியாகக் குறையுங்கள், முதலில் வைக்கோலையோ சோளத்தட்டையோ போட்டுவிட்டு அதன்பின் வையுங்கள்.