புக் விடை 17.8, எனக்கு 26.7 வருது. நாளைக்கு டெஸ்ட், ப்ளீஸ்

மோல்மண்டை:
லிமிட்டிங் ரீஏஜென்ட் கணக்கு, அதாவது வினையில எந்தப் பொருள் முதல்ல தீரும்னு பார்க்கறது. மூணு தடவை போட்டாச்சு, 26.7 கிராம்தான் வருது. புக்ல தப்பா?

கரித்துண்டு:
கணக்கு எங்கே?

நீலலிட்மஸ்:
எந்த வினை? எது எத்தனை கிராம்? சமன் செஞ்சீங்களா?

மிச்சம்மீதி:
கேள்வியே வேண்டாம். எடை குறைஞ்சதுதான் முதல்ல தீரும்னு எடுத்திருப்பீங்க. எல்லாரும் விழற குழி.

மோல்மண்டை:
சாரி. அலுமினியம் 5.4 கிராம், குளோரின் வாயு 14.2 கிராம். அலுமினியம் குளோரைடு எவ்வளவு கிடைக்கும்? சமன் செஞ்சாச்சு: 2Al + 3Cl₂ → 2AlCl₃. எடையைப் பார்க்கலை, மோலாக்கித்தான் பார்த்தேன். அலுமினியம்தான் தீருது.

பழையபுன்சன்:
தம்பி, டெஸ்டுக்கு முந்தின நாள் மோல் படிச்சா இப்படித்தான். போட்டது மொத்தமே 19.6 கிராம். 26.7 எங்கிருந்து முளைச்சுது? புக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கூட்டிப் பார்க்கத் தெரியணும்.

கரித்துண்டு:
குளோரின் 0.4 மோல்னு போட்டீங்களா? அப்ப ஒத்தை அணுவோட நிறை 35.5ஆல வகுத்திருக்கீங்க. வாயு ஈரணு மூலக்கூறு, 71ஆல வகுக்கணும். 0.2 மோல்தான். அலுமினியமும் 0.2. சமமா இருக்கேன்னு அங்கேயே நின்னுடாதீங்க. 0.2 அலுமினியத்துக்கு 0.3 குளோரின் வேணும், கையில இருக்கறது 0.2. குளோரின்தான் முதல்ல தீரும். அலுமினியம் குளோரைடோட மோலார் நிறை (ஒரு மோலோட எடை) 133.5. 0.2 × 2/3 × 133.5 = 17.8. அலுமினியம் 1.8 கிராம் மிச்சம். கூட்டுங்க, அதே 19.6.

மிச்சம்மீதி:
எதுக்கு இவ்வளவு? மோலைச் சமன்பாட்டு எண்ணால வகுங்க. 0.2/2 = 0.1, 0.2/3 = 0.067. சின்னது எதுவோ அதுதான்.

நீலலிட்மஸ்:
ஏன்னு புரியாம வகுத்தா, அடுத்த வரியில மிச்சம் எவ்வளவுன்னு கேட்கும்போது முழிக்கணும்.

மிச்சம்மீதி:
ஏன்னு புரியாமலா சொல்றேன்? கையில இருக்கறதை வச்சு அந்த வினையை எத்தனை தடவை ஓட்டலாம்ங்கறதுதான் அந்த எண்.

நீலலிட்மஸ்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல.

பழையபுன்சன்:
அலுமினியம் குளோரைடு ஆவியில இரட்டை மூலக்கூறா இருக்கும். சமன்பாட்டையே யாரும் ஒழுங்கா எழுதலை.

கரித்துண்டு:
சார், இரட்டையா எழுதினா மோல் பாதியாகும், மோலார் நிறை 267 ஆகும். திரும்ப 17.8தான்.

பழையபுன்சன்:
நான் கொள்கையைச் சொன்னேன்.

மோல்மண்டை:
35.5 தான் 🤦 இப்ப வந்துடுச்சு. நன்றி கரித்துண்டு. புன்சன் சார், தம்பி இல்ல, தங்கச்சி.