கோர் பாடங்களிலிருந்து விலக்கு வாங்கலாமா? முடிவெடுக்க 11 நாள்தான் இருக்கிறது

கேள்வி: நிலுவைக்கணக்கு

வணக்கம். இரண்டு வருட முழுநேர எம்பிஏவில் சேர்ந்திருக்கிறேன். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ஆறு வருடம் தணிக்கை வேலை பார்த்துவிட்டு வருகிறேன்.

முதல் வருடத்தில் 9 கட்டாயப் பாடங்கள், அதாவது கோர் பாடங்கள். அவற்றில் சிலவற்றுக்கு விலக்குக் கேட்கலாம் என்று நேற்று மின்னஞ்சல் வந்தது. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கிற்கு என் சான்றிதழே போதுமாம். புள்ளியியலுக்கும் கார்ப்பரேட் ஃபைனான்ஸுக்கும் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் விலக்குத் தேர்வு நடக்கும். ஒரு பாடத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம். தேறினால் அந்த இடத்தில் ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்க வேண்டும். மொத்த கிரெடிட் குறையாது, கட்டணமும் குறையாது.

மூன்றையும் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்ததையே உட்கார்ந்து கேட்க மறுபடி ஏன் படிக்கப் போக வேண்டும்? ஆனால் எனக்கு தணிக்கையை விட்டு சப்ளை செயின் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் இந்தப் படிப்பே. அந்தக் கோணத்தில் யோசித்தால் குழப்பமாக இருக்கிறது. புள்ளியியல் பட்டப்படிப்பில் படித்தது, எட்டு வருடம் ஆகிறது. 11 நாளில் பதில் சொல்ல வேண்டும். விலக்கு வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள் இருவருமே சொல்லுங்கள்.

பதில் 1: காலைவண்டி

மூன்றுக்கும் முயற்சி செய்யுங்கள் என்பேன். இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் பல இடங்களில் முதல் வருடத்தின் நடுவிலேயே வந்துவிடுகின்றன. நீங்கள் விரும்பும் துறையின் எலெக்டிவ் வழக்கமாக இரண்டாம் வருடத்தில்தான் கிடைக்கும். விலக்கு வாங்கினால் அதை முன்கூட்டியே எடுத்துவிடலாம். நேர்காணலில் "சப்ளை செயின் பாடம் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வதற்கும் "அடுத்த வருடம் படிப்பேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் விசாரியுங்கள். அந்த எலெக்டிவுக்கே ஏதாவது கோர் பாடம் முன்நிபந்தனையாக இருக்கலாம். ஆபரேஷன்ஸ் முடிக்காமல் சப்ளை செயினில் சேர விடாத இடங்கள் உண்டு.

பதில் 2: மூன்றாம்வரிசை

நான் இரண்டு பாடத்துக்கு விலக்கு வாங்கினேன். அதில் ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது கார்ப்பரேட் ஃபைனான்ஸ். சேரும்போதே சிஎஃப்ஏ என்ற நிதி, முதலீட்டுத் தொழில்முறைத் தேர்வில் இரண்டு நிலை முடித்திருந்தேன். அதற்கு முன் நான்கு வருடம் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை. நிகர நிகழ்கால மதிப்பு, மூலதனச் செலவு எல்லாம் நான் வாரா வாரம் போட்ட கணக்குகள். அந்த இடத்தில் நிறுவன மதிப்பீடு பற்றிய எலெக்டிவ் எடுத்தேன். வகுப்பில் பெரும்பாலும் இரண்டாம் வருட மாணவர்கள். முதல் மூன்று வாரம் மூச்சு முட்டியது. ஆனால் அந்த வகுப்பில் பழகிய ஒரு சீனியர் வழியாகத்தான் என் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. இந்த விலக்கைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இரண்டாவது புள்ளியியல். பொறியியல் படித்தவன் என்பதால் பழைய நோட்டை எடுத்து மூன்று வாரம் உருப்போட்டேன். பாயெஸ் தேற்றம், நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை என்று எல்லாக் கணக்கும் வந்தது. தேர்விலும் தேறிவிட்டேன்.

இரண்டாம் செமஸ்டரில் மார்க்கெட்டிங் ரிசர்ச் பாடம். ஒரு உணவுப் பொருளின் விற்பனைத் தரவை வைத்து எங்கள் குழு ரிக்ரஷன் ஓட்டியது, அதாவது எது விற்பனையை எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்கிடும் முறை. விலையின் கெழு நேர்க்குறியில் வந்தது. அதாவது விலை கூடினால் விற்பனையும் கூடுகிறது. குழுவில் எண்களுக்குப் பொறுப்பு நான். விலை அதிகம் என்றால் தரமும் அதிகம் என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள் என விளக்கம் எழுதி, அதன் மேல் எட்டுப் பக்கம் பரிந்துரையும் எழுதினேன். விலையை ஏற்றச் சொல்லித்தான் பரிந்துரை.

பக்கத்தில் இருந்த தோழி எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "விளம்பரச் செலவை மாடலில் சேர்த்தீர்களா?" சேர்க்கவில்லை. விலை அதிகமான பிராண்டுகள்தான் விளம்பரத்துக்கும் அதிகம் செலவழித்தன. விற்பனையை இழுத்தது விளம்பரம். மாடலில் அது இல்லாததால் அதன் பலன் விலையின் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. சேர்த்து ஓட்டியதும் கெழு எதிர்க்குறிக்கு மாறியது. எட்டுப் பக்கமும் வீண்.

அந்தத் தோழி கல்லூரியில் இலக்கியம் படித்தவர். கணக்கில் என்னைவிட வேகம் இல்லை. ஆனால் விடுபட்ட மாறியால் வரும் பிழையை அவர்களுக்கு கோர் வகுப்பில் இரண்டு வாரம் பல தரவுகளை வைத்து நடத்தியிருக்கிறார்கள். ஒரு எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்படும் பழக்கம் அவருக்கு அங்கே வந்திருக்கிறது. எனக்குக் கணக்குப் போட வந்தது, சந்தேகப்பட வரவில்லை. விலக்குத் தேர்வு முதலாவதைத்தான் கேட்டது. என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு மணி நேரத் தாளில் கேட்க முடிந்தது அதுதான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் படித்த புள்ளியியலில் தரவைக் கையில் எடுத்து யாராவது உங்களை மடக்கியிருக்கிறார்களா? சப்ளை செயின் போகிறேன் என்கிறீர்கள். தேவையை முன்கணிப்பது, பாதுகாப்புக் கையிருப்பு எவ்வளவு வைப்பது, சப்ளையர் தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, இவை எல்லாமே புள்ளியியல்தான். தேவை எவ்வளவு அலைகிறது என்று சரியாக அளக்கத் தெரியாவிட்டால் கையிருப்புக் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். உங்கள் ஆசைக்கு நேராக நிற்கிற பாடத்தையா விடப் போகிறீர்கள்?

அக்கவுண்டிங் வேறு கதை. அதை விடுங்கள், தைரியமாக விடுங்கள். ஆனால் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு விடுங்கள். சில இடங்களில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கும் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கும் ஒரே பாடமாக ஓடும். பங்களிப்பு லாபம், பிரிவுகளுக்கு இடையே விலை வைப்பது, செயல்பாட்டு அடிப்படையில் செலவைப் பிரிப்பது போன்றவை உங்கள் பரீட்சையில் வந்திருக்கும். ஆனால் ஆறு வருடத் தணிக்கையில் அவற்றை எவ்வளவு தொட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள். முதல் செமஸ்டரில் எங்கள் பிரிவில் 60 பேருக்கு மேல். எல்லாரும் எல்லாப் பாடமும் ஒன்றாக உட்காருவார்கள். நான் மட்டும் திங்களும் புதனும் காலையில் வேறு கட்டடத்தில் இருந்தேன். புள்ளியியல் வகுப்பு முடிந்து அவர்கள் ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். ஒரு பாடத்தில் திணறுகிறவர்களுக்கு மற்றவர்கள் இரவு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்த நட்புகள் கடைசி வரை இருந்தன. எனக்கும் நண்பர்கள் கிடைத்தார்கள், ஆனால் தாமதமாக.

பதில் 3: கோப்புக்காரி

மாணவர் பிரிவு அலுவலகத்தில் விலக்கு விண்ணப்பங்களை ஏழு வருடம் பார்த்தவள். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

"விலக்கு" என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறோம், உள்ளே வேறு வேறு ஏற்பாடுகள். கட்டாயம் நீங்கும், கிரெடிட் கிடைக்காது, அந்த இடத்தை எலெக்டிவால் நிரப்ப வேண்டும் என்பது ஒன்று. உங்களுடையது அது. பழைய படிப்பின் கிரெடிட்டையே ஏற்று மொத்தச் சுமையைக் குறைப்பது இன்னொன்று, இது அரிது. அதே துறையில் உயர்நிலைப் பாடத்தை எடுக்கச் சொல்வதும் உண்டு. சிகாகோ பூத்தில் அடிப்படைப் பாடத்துக்குப் பதிலாக அனுமதிக்கப்பட்ட உயர்பாடத்தை எடுக்கலாம். கொலம்பியாவில் விலக்குத் தேர்வு முறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஒரே அடிப்படைப் பாடத்தை அவரவர் பின்னணிக்கு ஏற்ப வெவ்வேறு நிலைகளில் நடத்துகிறார்கள். ஹார்வர்டில் முதல் வருடப் பாடங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான். அங்கே கேஸ் (ஒரு நிறுவனத்தின் நிஜச் சிக்கலை விவரிக்கும் கட்டுரை) விவாதம்தான் வகுப்பே, கணக்காளரும் ராணுவத்திலிருந்து வந்தவரும் ஒரே கேஸை வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டால் அந்த வகுப்புக்குத்தான் நஷ்டம்.

கோர் பாடங்கள் இவ்வளவு இறுக்கமானதற்கும் காரணம் உண்டு. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் ஒரு அறிக்கையும் கார்னெகி நிறுவன உதவியுடன் இன்னொன்றும் வெளிவந்தன. அமெரிக்க வணிகக் கல்வி மிகவும் தொழிற்பயிற்சி மாதிரி இருக்கிறது, பொருளாதாரம், புள்ளியியல், நடத்தை அறிவியல் இவற்றில் கால் ஊன்ற வேண்டும் என்று இரண்டுமே கடுமையாகச் சொல்லின. இன்றைய கோர் பட்டியலில் அந்தத் தடம் தெரியும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். சான்றிதழ் மட்டும் அனுப்பி நின்றுவிடாதீர்கள். அக்கவுண்டிங்கில் நீங்கள் படித்த பாடத்தின் சிலபஸ், பயன்படுத்திய பாடநூல், மதிப்பெண், முடித்த ஆண்டு நான்கையும் இணையுங்கள். எங்கள் அலுவலகத்தில் நிராகரித்தவற்றில் பெரும்பாலானவை தகுதி இல்லாததால் அல்ல, சிலபஸ் இல்லாததால். படித்து 5 வருடம் தாண்டிவிட்டால் வேலை அனுபவக் கடிதமும் கேட்போம்.

எலெக்டிவ் பதிவில் முதல் வருடத்தினருக்கு இடம் கடைசியில்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விலக்கு வாங்கிவிட்டு, வேண்டிய எலெக்டிவில் இடம் இல்லாமல், கிடைத்த ஏதோ ஒன்றில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

மறுபதில்: நிலுவைக்கணக்கு

மூவருக்கும் நன்றி. மூன்றாம்வரிசை, உங்கள் கேள்விக்குப் பதில் "இல்லை" என்பதுதான். என்னை யாரும் தரவை வைத்து மடக்கியதில்லை. நான் மாதிரி எடுத்து வவுச்சர் சோதித்திருக்கிறேன். மாதிரியின் அளவை முடிவு செய்யும் அட்டவணை எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நேற்றிரவு உட்கார்ந்து யோசித்தபோது அதுதான் உறுத்தியது.

புள்ளியியல் தேர்வுக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை, வகுப்பிலேயே உட்காருகிறேன். பாடத்திட்டத்தையும் திறந்து பார்த்தேன். மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் இரண்டாம் செமஸ்டரில் தனிப் பாடமாக இருக்கிறது, அதை விடவில்லை. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கிற்கு சிலபஸுடன் விண்ணப்பம் இன்று போகிறது. அலுவலகத்துக்கு அழைத்தும் கேட்டேன். சப்ளை செயின் எலெக்டிவுக்கு ஆபரேஷன்ஸ் முன்நிபந்தனைதானாம், காலைவண்டி சொன்னது போலவே. ஆனால் கொள்முதல் பேச்சுவார்த்தை பற்றி ஒரு எலெக்டிவ் இருக்கிறது, அதற்கு நிபந்தனை இல்லை, இடமும் இருக்கிறது.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

பதில் 4: மூன்றாம்வரிசை

போன வருடத்து இறுதித் தேர்வுத்தாள் கிடைக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். விலக்குத் தேர்வுத்தாள் வேண்டாம், வகுப்பின் இறுதித்தாள். நேரம் வைத்து, புத்தகம் மூடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பாருங்கள். விடை வந்ததா என்பதைவிட, ஒவ்வொரு விடைக்கும் கீழே "ஏன்" என்று இரண்டு வரி எழுத முடிகிறதா பாருங்கள். பாதிக்கு மேல் எழுத வராவிட்டால் வகுப்புக்குப் போங்கள். அப்புறம், வகுப்பில் உட்கார்ந்தால் உங்கள் குழுவில் அக்கவுண்டிங்கில் திணறுகிற ஒருவராவது இருப்பார். விலக்கு வாங்கியிருந்தாலும் அவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் செய்யாமல் விட்டது அது.