பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை: அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மழலைத்தோழி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உளவியலில் மூன்றாண்டு இளங்கலை முடித்துவிட்டு, கோவையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் பணியாற்றி வருகிறேன். ஒருவரின் நடத்தை ஏன் நிகழ்கிறது என்று ஆராய்ந்து புதிய திறன்களைக் கற்பிக்கும் துறையான ஏபிஏ எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் அமெரிக்க முதுகலைப் பட்டம் பெற்று, நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான பிசிபிஏ சான்றிதழும் வாங்க வேண்டும் என்பது என் விருப்பம். முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புகள் பல இருப்பதால், வேலையை விடாமல் இங்கிருந்தே படித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நேரில் சென்றுதான் படிக்க வேண்டுமென்றால், பல்கலைக்கழகங்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது? நோக்க அறிக்கையில் என் மைய அனுபவத்தை எப்படி எழுதுவது?

வடதிசை:

பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு முன், படித்த பிறகு எந்த நாட்டில் பணிபுரியப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பிசிபிஏ சான்றிதழை வழங்கும் வாரியமான பிஏசிபி, 2023 ஜனவரி முதல், அமெரிக்கா, கனடா போன்ற மிகச் சில நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே புதிய விண்ணப்பங்களை ஏற்கிறது. அவற்றுள் இந்தியா இல்லை. ஆகவே கோவையில் இருந்தபடி இணையவழியில் பட்டம் பெற்றாலும், அங்கேயே வசிக்கும்வரை அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இயலாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்திவிடுவோரை நினைத்தால் மனம் வருந்துகிறது. இந்தியாவிலேயே தொடர்ந்து பணிபுரிவதுதான் உங்கள் எண்ணம் என்றால், ஐபிஏஓ என்ற பன்னாட்டு அமைப்பு வழங்கும் ஐபிஏ சான்றிதழின் நிபந்தனைகளை முதலில் படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கே செல்வதாக இருந்தால், முழு இணையவழிப் படிப்புக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா கிடைக்காது என்பதால், வளாகத்தில் நடக்கும் படிப்புகளை மட்டும் பட்டியலிடுங்கள். டென்டனிலுள்ள வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நடத்தைப் பகுப்பாய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கான்சஸ் பல்கலைக்கழகம் இத்துறையின் தாய்வீடுகளில் ஒன்று. 1968-இல் ஏபிஏவின் வரையறைகளை வகுத்த பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவரும் அங்கே பணியாற்றியவர்கள். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை ஏற்பார்களா என்பதையும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

களப்பணி:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் பல்கலைக்கழகத்தின் புகழைக் காட்டிலும், மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியை அது எப்படி ஏற்பாடு செய்கிறது என்பதே முக்கியம் என்பேன். பிசிபிஏ தேர்வு எழுதுவதற்கு 2,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். கூடுதல் மேற்பார்வையுள்ள செறிவுமுறையில் 1,500 மணி நேரம் போதும். முதுகலைப் பாடங்களைத் தொடங்கிய பிறகு செய்யும் பணிதான் கணக்கில் வரும் என்பதால், உங்கள் மையத்தில் இதுவரை செய்த வேலை இதில் சேராது. மேலும், அந்த மணிகளில் குறைந்தது 60 விழுக்காடு, மதிப்பீடு செய்தல், தரவு வரைபடங்களை ஆராய்தல், திட்டம் எழுதுதல், பெற்றோருக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்தல் போன்ற பணிகளாக இருக்க வேண்டும். குழந்தையுடன் அமர்ந்து பயிற்சி நடத்துவதையே நாள் முழுவதும் செய்யவைக்கும் இடத்தில், மணிகள் கூடுவதைப் போலத் தோன்றினாலும் தகுதியான மணிகள் கூடுவதில்லை.

எஃப்-1 மாணவருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வளாகத்துக்கு வெளியே பயிற்சி பெற சிபிடி அனுமதி தேவை; அதை முழுநேரமாகப் பன்னிரண்டு மாதங்கள் பயன்படுத்திவிட்டால், பட்டத்துக்குப் பின் கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதியை இழந்துவிடுவீர்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் என்று பகுதிநேரமாகச் செய்தால் 1,500 மணிகளுக்கு 75 வாரங்கள் ஆகும். அதாவது ஓராண்டில் முடியும் படிப்புக்குள் இது அடங்காது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே துறைக்கு மின்னஞ்சல் எழுதி, பயிற்சியிடத்தைத் துறையே தருகிறதா, மேற்பார்வையாளருக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டுமா, வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் பெறும்போது சராசரியாக எத்தனை மணிகளை முடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தை விட்டுவிடலாம். முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றோரின் விகிதத்தைப் பல்கலைக்கழக வாரியாக பிஏசிபி வெளியிட்டிருக்கிறது, அதையும் பாருங்கள்.

நீலக்குடை:

ஆட்டிசம் உள்ள மகனின் தாயாகவும், பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒன்றில் நடத்தைப் பகுப்பாய்வாளராகவும் எழுதுகிறேன். நோக்க அறிக்கையில் "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரே ஒரு நடத்தையை எடுத்துக்கொண்டு, அது எப்போது நிகழ்ந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, நீங்கள் எதைக் குறித்துவைத்தீர்கள், அந்தக் குறிப்பைப் பார்த்து எந்த முடிவை மாற்றிக்கொண்டீர்கள் என்று விளக்குங்கள். சாப்பாட்டு வேளையில் தட்டைத் தள்ளிவிடும் குழந்தைக்கு "போதும்" என்று சைகை காட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னால்கூட, நடத்தையின் நோக்கத்தைத் தேடும் கண் உங்களுக்கு இருப்பது தெரிந்துவிடும். குழந்தையின் பெயரோ அடையாளமோ வரக்கூடாது.

ஏபிஏ சிகிச்சையில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளோர், கண்ணைப் பார்க்க வைத்ததையும் தம்மையறியாமல் செய்யும் கையசைப்புகளை அடக்கியதையும் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள். மின்னதிர்ச்சியைத் தண்டனையாகப் பயன்படுத்துவதை எதிர்த்து, இத்துறையின் பன்னாட்டுச் சங்கமான ஏபிஏஐ 2022-இல்தான் நிலைப்பாடு எடுத்தது. நேர்காணலில் இதுபற்றிக் கேட்டால் மழுப்பாமல் பேச வேண்டும். பயிற்சியில் விருப்பமின்றிக் குழந்தை விலகிப்போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நீங்களும் பேராசிரியர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

மழலைத்தோழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இணையவழித் திட்டத்தைக் கைவிடுகிறேன். களப்பயிற்சி பற்றிய கேள்விகளை இந்த வாரமே துறைகளுக்கு எழுதி அனுப்பி, வரும் பதில்களை இங்கே பகிர்கிறேன்.