ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, அம்மாவுக்கு நெஞ்சுவலி நிற்கவில்லை

அம்மாவுக்கு 57 வயது, திருநெல்வேலி. 12 வருஷமாகச் சர்க்கரை. மார்ச்சிலிருந்து மாடிப்படி ஏறினாலோ தண்ணிக் குடத்தைத் தூக்கினாலோ நடு நெஞ்சில் கல்லை வைத்து அமுக்குவது போல வலி, இடது தாடை வரை இழுக்கிறது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் தணிகிறது.

முதலில் கேஸ் என்று ஒரு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. ஈசிஜி, எக்கோ நார்மல். டிரெட்மில் டெஸ்ட்டில் 5 நிமிஷத்திலேயே வலி வந்து, ஈசிஜியில் எஸ்டி கோடு இறங்கியது (இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம்). ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி எடுக்கும் படம்) இதயத்தின் மூன்று பெரிய ரத்தக்குழாயிலும் அடைப்பு இல்லை. "மனசுதாம்மா காரணம்" என்று அனுப்பிவிட்டார்கள். வலியைவிட அந்தச் சொல்தான் அவரை நோகடித்தது. நாக்கடியில் சார்பிட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் நெஞ்சுவலி மாத்திரை) வைத்தால் பாதிதான் கேட்கிறது.

ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும்தான், இதயத் தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் சரியாக விரியாவிட்டாலும் இதே வலி வரும், பெண்களிடம் இது அதிகம் என்றார் இன்னொரு டாக்டர். அதை அளக்கும் வசதி அவரிடம் இல்லை.

மதுரை, சென்னை, வேலூர், திருவனந்தபுரம் பக்கம் இந்த நுண்குழாய் ரத்த ஓட்டப் பரிசோதனையை உங்கள் வீட்டில் யாருக்காவது எங்கே செய்தீர்கள்?